கறுப்புப் புகையும் பன்னிரண்டு பிள்ளைகளும்

சனிக்கிழமை அரை நாள் பள்ளி. அடையாறில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கிளம்பும்போது அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என் வேனுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"இந்தக் கறுப்புப் புகையில நிக்க முடியலம்மா. திங்கட்கிழமையும் இப்படியே வந்தீங்கன்னா நாங்க வேற வேன் பார்த்துக்கறோம். லேடீஸுக்கு வண்டியை மெயின்டெயின் பண்றது கஷ்டம்தான். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? ஆறு வருடமாக அந்த வளாகத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை ஏற்றி இறக்குகிறேன். ஒரு நாள் தாமதமில்லை, ஒரு கீறலில்லை. அவர்கள் போய்விட்டால் என் வேன் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். புகை என்றால் வண்டியின் புகை. அதில் லேடீஸ் எங்கிருந்து வந்தார்கள்?

நேராக மயிலாப்பூரில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் போனேன். பானெட்டைத் தூக்கி எட்டிப் பார்த்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், ஆனால் பேச்சு பெரியது.

"இ.ஜி.ஆர். வால்வுல கரி புடிச்சிக்கினு கீதுக்கா. மூடாம தொறந்தே நிக்குது. ஒரு தகடு வெச்சு அடைச்சுட்டேன்னா மேட்டர் ஓவர்."

புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள்ளேயே திருப்பி அனுப்புவதுதான் அந்த வால்வின் வேலை; மூடாமலே நின்றால் காற்று போதாமல் இன்ஜின் கறுப்புப் புகை கக்கும். அதைச் சுத்தம் செய்யச் சோம்பல்பட்டு ஊரில் பாதிப் பேர் தகடடித்து அடைத்துவிடுகிறார்கள்.

"அடைச்சா கண்ணுக்குத் தெரியாத விஷவாயு ஜாஸ்தியா வெளிய வருமேப்பா?"

"கண்ணுக்குத் தெரியாதுன்னு நீயே சொல்ற. அப்பால யாரு வந்து கேக்கப் போறா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேனில் ஏற வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று இவன் ஒரு நாளாவது பார்த்திருப்பானா?

"தகடெல்லாம் வேணாம். கழட்டிக் கழுவிக் குடு."

"அதுக்கு ஒரு நாள் ஆவும். நாளிக்கு ஞாயித்துக்கெழம, லீவு."

"அப்ப நானே கழட்டிக்கறேன்."

"நீயா? இன்னாக்கா, காமெடி பண்ற!"

பானெட்டை நானே மூடினேன். மூடுவதற்கு முன் ஒவ்வொரு குழாயையும் கையால் தடவிப் பார்த்தேன். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து வரும் தடித்த ரப்பர் குழாயின் அடிப்பக்கம் நீளமாகப் பிளந்திருந்தது. அதன்மேல் யாரோ சைக்கிள் டியூபைச் சுற்றிவைத்திருந்த புண்ணியம் வேறு! உதிரிபாகக் கடை மூடுவதற்குள் ஓடிப்போய்ப் புதுக் குழாயும் வால்வுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டும் வாங்கினேன்.

சர்ச்சில் ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்ததும் பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு சாந்தோமில் என் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வால்வுக்குள் கரி தார் போல அப்பியிருந்தது. ஸ்பிரே அடித்து, ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது. கடைசியில் விரலால் அழுத்தினால் திறந்தது, விட்டால் தானே மூடியது. அடேயப்பா, அப்போது வந்த சந்தோஷம்!

கேஸ்கெட் வைத்து வால்வை மாட்டிவிட்டேன்; புதுக் குழாய்தான் படுத்தியது. எவ்வளவு முறுக்கினாலும் உள்ளே ஏறவில்லை. வளையல் கையில் ஏறாவிட்டாலும் மோதிரம் விரலில் சிக்கிக்கொண்டாலும் எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம்தான். தேங்காய் எண்ணெய் தடவினேன். வழுக்கிக்கொண்டு ஏறியது. கிளிப்பை இறுக்கிவிட்டு ராணி மாதிரி வண்டியை எடுத்தேன்.

பட்டினப்பாக்கத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தியதுதான் தாமதம், படாரென்று குழாய் கழன்றது. கறுப்புப் புகை மீன் கடைகளின்மேல் கவிந்தது.

"யம்மா தாயே, மீன இங்கியே கருவாடு ஆக்கிடாத!" என்று கத்தினாள் ஒரு மீன்காரி.

எண்ணெய் தடவினால் ஏறும்போது வழுக்கும் குழாய், காற்றழுத்தம் வந்தால் கழலும்போதும் வழுக்கும் என்று என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கொஞ்சம் அழுதேன். போன் கையில்தான் இருந்தது. அந்த மெக்கானிக்கை மட்டும் கூப்பிடவில்லை. செத்தாலும் மாட்டேன்.

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து இரண்டு முனைகளையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தேன். டீக்கடையில் வெந்நீர் கேட்டு வாங்கி, குழாய் முனையை அதில் முக்கி இளக்கி, ஈரம் துடைத்து மாட்டினேன். இந்த முறை முக்கி முனகித்தான் ஏறியது. கிளிப்பை இறுக்கிவிட்டு அடையாறு பாலம் வரை விரட்டினேன். கண்ணாடியில் பின்னால் ரோடு தெளிவாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை செயலாளர் வெள்ளைக் கைக்குட்டையோடு தயாராக நின்றார். சைலன்ஸருக்கு நேரே அதைப் பிடித்து, "ஆக்சிலேட்டர் குடுங்கம்மா" என்றார். கொடுத்தேன். கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேசாகப் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான்.

"பரவாயில்லையே! யாரும்மா பண்ணது? நல்ல ஆளா இருக்கான். அவன் நம்பர் குடுங்க, என் காருக்கும் காட்டணும்."

ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து அவர் முன்னால் விரித்துக் காட்டினேன். நகக்கண்களில் கரி இன்னும் போகவில்லை.

"அவன் இல்ல சார், நான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, என் பிள்ளைங்க ஏறணும்."