வெள்ளைச் சட்டையில் கணவாய் மை

திருவொற்றியூருக்குப் பெண் பார்க்கப் போகிறேன், நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அந்தப் பயத்தில் வழியிலேயே காசிமேடு மீன் சந்தையில் இறங்கி நிற்கிறேன். கூடையில் கிடக்கும் கணவாய்க்கு உயிர் இருக்கிறதா என்று விரலால் தொடுகிறேன். அது என் வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்பு மையைப் பீய்ச்சுகிறது.

மீன்காரம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறார். "பயந்துகீது அண்ணாத்தே! கடல்ல பெரிய மீனு தொரத்துனா இப்டித்தான் மைய வுடும். அது மையப் பாத்துகினு நிக்கும், இது நைசா எஸ்கேப்பு."

"பொண்ணு பாக்கப் போறேம்மா..."

"அப்ப இன்னா கவல? அல்லாரும் சட்டையத்தான் பாப்பாங்க. உன்ன எவன் பாக்கப் போறான்?"

கழுவிக்கொள்ளச் சொல்லி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டுகிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தைரியமாகப் பஸ் ஏறுகிறேன்.