காஞ்சனா மகனுக்குப் போட்ட மொட்டை

அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டும் காஞ்சனா வாயைத் திறந்தால் ஓடுகிற தறிச் சத்தமும் அடங்கிப்போகும். அவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு பெற்ற ஒரே மகனைக் காப்பாற்ற அவளால் முடியவில்லை.

ஏழாவது படிக்கும்போது பரணிதரன், குடித்துவிட்டு வரும் அப்பாவைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மா முதுகில் ஒண்டுவான். பத்தாவதில் எதிர்த்துப் பேசினான். பதினொன்றாவது வந்ததும் அவனுக்கு அம்மா, அப்பா, சாமி எல்லாமே எதிர்வீட்டுத் தணிகைவேல்தான். அவன் இரண்டு வயது மூத்தவன், பைக் வைத்திருப்பவன். மகன் சட்டைப்பையில் கஞ்சாப் பொட்டலம் அகப்பட்ட அன்று, காஞ்சனா நேரே தணிகைவேலின் அம்மா குப்பம்மாள் வாசலில் போய் நின்றாள்.

"ஊரைக் கெடுக்கவாடி பெத்த? எம் புள்ளைக்கு விஷத்தை ஊட்டிகினு திரியறான் உன் புள்ள. நீ உள்ள சோறு ஆக்கிகினு கீற! அவன் கை வெளங்குமா?"

குப்பம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். காஞ்சனாவுக்கு அதுவே ஜெயித்த மாதிரி. மறுநாளே மகனைத் திருத்தணி மலைக்கு இழுத்துப் போய், மொட்டை போட்டு, சந்தனம் பூசி, இனிமேல் தொடமாட்டேன் என்று முருகன் சந்நிதியில் சொல்லவைத்தாள். உன்னைக் கெடுத்தவன் யார் என்று நூறு தரம் கேட்டாள். நீ யாருக்குக் கொடுத்தாய் என்று ஒரு தரம் கேட்டிருக்கலாம். அந்தப் பாழாய்ப்போன கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை.

நான்காம் நாள் காலை மேலத்தெரு சுஜாதா, எட்டாவது படிக்கும் மகனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நேத்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இவனுக்குக் கஞ்சா குடுத்தவன் எந்த வூட்டுல கீறான்?"

"வேற யாரு? எதிர்வூட்டுத் தணிகைவேலு!" என்றாள் காஞ்சனா, ஆசையாக.

"அவனுக்குத் தலை நெறைய முடி கீது. மொட்ட அண்ணன்னு சொல்றான் இவன்."

சத்தம் கேட்டுப் பரணிதரன் வாசலுக்கு வந்தான். தலையில் சந்தனம் இன்னும் முழுதாக உதிரவில்லை. அழுதுகொண்டிருந்த சிறுவன் அவனைப் பார்த்ததும், "அண்ணா!" என்று சிரித்துவிட்டான். அவ்வளவு பாசம்.

"ஊரைக் கெடுக்கவாடி பெத்த?" என்று சுஜாதா ஆரம்பித்தாள்.

எதிரே குப்பம்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். காஞ்சனா தன் கதவைச் சாத்தக் கை நீட்டினாள். நிலைப்படியில் மகன் நின்றுகொண்டிருந்தான், சாத்த முடியவில்லை.