வாசலில் கழற்றிய பூட்ஸ்

அமெரிக்காவுக்கு வந்த நாலாவது வருடம், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், இந்த மாநில அரசாங்கத்தின் ஆபீஸ் ஒன்றின் வாசலில் பூட்ஸைக் கழற்றி ஜோடியாகச் சுவரோரம் வைத்துவிட்டு, வெறும் சாக்ஸோடு உள்ளே போனேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. கை தானாகவே கயிற்றை அவிழ்த்துவிட்டது. சொந்தமாக ஒரு சின்ன லேத் பட்டறை ஆரம்பிக்க அனுமதி கேட்கத்தான் போயிருந்தேன். கையில் மனு மூன்று பிரதி, எல்லாச் சான்றிதழ்களுக்கும் மும்மூன்று நகல். கவுண்டரில் இருந்த பெண்மணி என் மனுவைத் தொடக்கூட இல்லை. ஒரே ஒரு தாளை நீட்டி நிரப்பச் சொன்னார். நிரப்பிக் கொடுத்ததும் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் நகரவில்லை. திரும்ப என்றைக்கு வர வேண்டும் என்று கேட்டேன். எதற்கு வர வேண்டும் என்று அவர் கேட்டார். பிறகு எட்டி என் காலைப் பார்த்துவிட்டு, அடிபட்டிருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை, மரியாதைக்காகக் கழற்றினேன் என்றேன். "யாருக்கு?" என்று கேட்டு, தன் முதுகுக்குப் பின்னால் யாராவது பெரிய மனிதர் வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

யாருக்கு என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? எழுபதுகளில் எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நெல் அரைக்க ஒரே ஒரு மில்தான் இருந்தது. அறுப்பு முடிந்தால் மூட்டைகளோடு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். இரண்டு நாள் காத்திருந்து அரைத்தால் அரிசி நொறுங்கி வரும். தவிட்டை மில்காரரே வைத்துக்கொள்வார். கேட்டால், வேண்டுமானால் வேறு இடம் பார்த்துக்கொள் என்பார். வேறு இடம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். என் அண்ணன் இதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், நாமே ஒரு மில் போடலாம் என்று முடிவு செய்தார். நான் அப்போது டிப்ளமா முடித்திருந்தேன். மெஷினை நான் பார்த்துக்கொள்வது, ஆட்களை அவர் பார்த்துக்கொள்வது என்று பேச்சு. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நாங்களும் செய்தோம். நல்ல நாள் பார்த்து, அனுமதிக்கு முன்பே மெஷினை வாங்கி இறக்கி, மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்துவிட்டோம். அனுமதிதானே, அது பாட்டுக்கு வந்துவிடும் என்று நினைத்தோம்.

வரவில்லை. மில் வைப்பதற்கு மனு கொடுத்தால், அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே மில் வைத்திருப்பவரிடம், புதிதாக ஒருவர் வருகிறார், உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று எழுதிக் கேட்பார்கள். தவிட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் என்ன எழுதுவார்? ஆட்சேபணை உண்டு என்று எழுதினார். அதோடு எங்கள் ஃபைல் படுத்துவிட்டது. அதை எழுப்ப அண்ணன் மாதம் தவறாமல் பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்குப் போவார். எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன், எல்லா ஆபீஸுக்கும் ஒரே மாதிரி வாசல்தான். கோபுர வாசலில் விடுகிற மாதிரியே அங்கேயும் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போவார். சாமியாவது உள்ளே இருக்கும். இங்கே அய்யா கேம்ப்புக்குப் போயிருப்பார். இரண்டு தடவை செருப்பே காணாமல் போய், பஸ் ஸ்டாண்டு வரை வெயிலில் வெறுங்காலோடு நடந்தார். நாலு வருடம் தார்ப்பாய் போட்டு மூடிய மெஷினைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நண்பன் மூலம் வேலை கிடைத்ததும் நான் விமானம் ஏறிவிட்டேன். அண்ணனால் ஏற முடியவில்லை.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், ஆகா, அமெரிக்கா என்றால் அமெரிக்காதான் என்று நினைத்துவிட வேண்டாம். என் பட்டறைக்கு வேலை கொடுத்ததே பக்கத்தில் இருந்த ஒரு பெரிய டிராக்டர் பாகத் தொழிற்சாலைதான். அதைக் கூட்டிவர இந்த மாநிலம் நிலம் கொடுத்தது, வரியைத் தள்ளுபடி செய்தது, தனியாக ரோடும் போட்டுக் கொடுத்தது. தெற்கே இன்னொரு மாநிலம் இதைவிட ஜாஸ்தியாகத் தருகிறேன் என்றதும், முதலாளிகள் ஒரே வருடத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள். கார் நிறுத்துகிற இடத்தில் என் வயதுக்காரர்கள் டிபன் பெட்டியோடு உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். இங்கே இதற்குப் போட்டி என்று பெயர். அங்கே மனிதன் அரசாங்கத்தின் வாசலில் செருப்பைக் கழற்றுகிறான், இங்கே அரசாங்கமே கம்பெனிக்காரன் வாசலில் கழற்றிவிட்டு நிற்கிறது. ஒற்றை லேத் வைத்திருப்பவனை இரண்டு பேருமே பார்ப்பதில்லை. அதன் பிறகு பனி தள்ளும் இயந்திரங்களை ரிப்பேர் செய்து காலம் தள்ளினேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் ஊருக்குப் போனேன். மெஷின் அதே தார்ப்பாய்க்குள் இருந்தது, குங்குமம் வைத்த இடத்தில் துரு. அடுத்த நாளே அண்ணனோடு அந்த ஆபீஸுக்குப் போனேன். வாசலில் அண்ணன் செருப்பை விட்டார்.

"கழட்டுடா தம்பி, உள்ள அய்யா இருக்காரு."

நான் கழற்றவில்லை. வீம்புதான். டக் டக்கென்று பூட்ஸோடு உள்ளே போனேன். அதிகாரி என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஃபாரினில் இருந்து வருகிறீர்களா சார் என்று கேட்டபடியே எழுந்து நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். காப்பி வந்தது. மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், அங்கே ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். பார்க்கலாம் சார் என்று நானும் பல்லை இளித்தேன். ஃபைல் வந்தது. பத்து வருடப் பழைய ஆட்சேபணைக் கடிதம் அதில் இருந்ததா என்றுகூட அவர் புரட்டிப் பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் கையெழுத்தாகிவிட்டது.

வெளியே வந்து அண்ணன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். அனுமதிக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்.

"பேப்பரு கெடைச்சது சந்தோசம்தான் தம்பி. நீ ஒக்காந்துனு இருந்த, நான் நின்னுனு இருந்தேன். அத மட்டும் வூட்ல சொல்லிடாத."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்தான் மனு கொடுத்தவர், என் அண்ணன், இவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அந்த அதிகாரியை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். அந்த அரைமணி நேரம் நானும் அவர் பக்கத்தில்தான் இருந்தேன்.

மில் ஓடுகிறது. நல்ல அரிசி, தவிடு அவரவருக்கே என்று பேர் எடுத்துவிட்டார் அண்ணன். போன மாதம் அவரிடமிருந்து ஒரு கடிதம். மழை, மாடு, அண்ணியின் முட்டிவலி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், பக்கத்து ஊரில் ஒருத்தன் புதிதாக மில் போட மனு கொடுத்திருக்கிறான், உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று ஆபீஸிலிருந்து கேட்டிருந்தார்கள், உண்டு என்று எழுதி அனுப்பிவிட்டேன் என்று எழுதியிருந்தார். மழையைப் பற்றி எழுதின அதே எழுத்து. கடிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். பிறகு எடுத்து நீவிவிட்டு மேஜை டிராயருக்குள் வைத்தேன்.

அவரைக் கரித்துக்கொட்டி நாலு பக்கம் பதில் எழுத உட்கார்ந்தேன். அந்த வாரம்தான் என் பட்டறைக்கு எதிர்ச் சாரியில் வியட்நாமிலிருந்து வந்த ஒருவர் புது லேத்தை இறக்கினார். என்னைவிடச் சின்ன வயது, என்னைவிடக் கம்மியாகக் கேட்பார் என்று பார்த்தாலே தெரிந்தது. இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாவது நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு அந்த அரசாங்க ஆபீஸுக்குப் போனேன். ஒரு தெருவுக்கு ஒரு பட்டறை போதாதா என்று யாரிடமாவது எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்கத்தான்.

வாசலில் குனிந்து கயிற்றை அவிழ்த்தேன். வலது பூட்ஸ் கழன்றுவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அதே பெண்மணி, இப்போது தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டு சிரித்து, அதெல்லாம் வேண்டாம், அப்படியே உள்ளே வாருங்கள் என்று கையைக் காட்டினார். உள்ளே போய் என்ன கேட்கப்போகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு காலில் பூட்ஸும், பனித்தண்ணீரில் நனைந்த சாக்ஸோடு இன்னொரு காலுமாக அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.