மூடியைத் திறந்த கை

தண்ணீர் பாட்டில் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன் மூடியைத் திருக என் விரல்களில் வலு இல்லை. கொரோனா இரண்டாம் அலையின்போது, திண்டுக்கல்லில் நான் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, என் வார்டிலேயே, நோயாளியாகக் கிடந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். என் பெயர் ஆரோக்கியமேரி. அந்தப் பெயரோடு அப்படிக் கிடந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

நம் ஊரில் நர்ஸ் ஊசி போடுவார், மாத்திரை கொடுப்பார். தண்ணீர் புகட்டுவதும் கஞ்சி ஊட்டுவதும் கூட இருக்கிற சொந்தக்காரர் வேலை. கொரோனாவில் சொந்தக்காரர்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அவர்கள் செய்த வேலை இனி யாருடையது என்று ஒருவரும் சொல்லவில்லை. மேலிடத்தில் கேட்டோம். "பாத்துச் செய்யுங்க" என்றார்கள். பார்த்தோம். செய்யவில்லை.

பாட்டிலை வாங்கி அனுப்பியது என் வீட்டுக்காரர். சீல் உடையாததுதான் பாதுகாப்பு என்று தேடி வாங்கியிருக்கிறார். அட்டெண்டர் அதை வைத்துவிட்டுத் திரும்பினார். திறந்து தரச் சொல்லிச் சைகை காட்டினேன்.

"வைக்கத்தேன் சொல்லிருக்காக சிஸ்டர். வாய்க்குக் குடுக்குறது நர்ஸம்மா வேலை" என்று போய்விட்டார்.

என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட ரெஜினா கவச உடையில் வந்தாள். ஊசி போட்டாள். பாட்டிலைக் காட்டினேன்.

"அது அட்டெண்டர் வேலை அக்கா. சொல்லிவிடுறேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் அழுதபோது, "மனச வெளிய கழட்டி வச்சிட்டு உள்ள வா, இல்லாட்டி பைத்தியம் புடிச்சிரும்" என்று சொல்லிக் கொடுத்தது நான்தான். நன்றாகக் கற்றிருந்தாள்.

அதுவரை பெரிய பெரிய செபமாகச் செய்துகொண்டிருந்தேன். குணமாக்கும், பிள்ளைகளைக் காப்பாற்றும் என்று. நாக்கு அண்ணத்தில் ஒட்டிய அந்த மத்தியானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். ஆண்டவரே, இந்த மூடியைத் திறக்க ஒரு கையை அனுப்பும். அவ்வளவுதான் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் வெள்ளையம்மாள் இருந்தார். எரியோடு ஊர்ப் பக்கம் பூ விவசாயம் செய்பவர். என்னைவிட மோசமான நிலை. அவர் தன் முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றுவதைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"செத்த இரு தாயி, வாரேன். ஒரு மூடியத் தொறக்க இம்புட்டுப் பேரு யோசிக்காக" என்று கட்டிலைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

ஆண்டவர் அனுப்பிய கையில் கருப்பசாமி கோயில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. அது மூடியைத் திருகியது. என் தலையைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியது. என் அம்மாகூட அப்படிப் புகட்டியதில்லை.

திரும்பிப் போய்ப் படுத்தவருக்கு மாஸ்க்கைச் சரியாகப் பொருத்தத் தெரியவில்லை. பக்கவாட்டில் தொங்கியது. மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தண்ணீர் குடித்ததால் எனக்குக் குரல் வந்திருந்தது. அந்தக் குரலால் ரெஜினாவைக் கூப்பிட்டேன்.

டியூட்டி மாறுகிற நேரம். "அடுத்த டியூட்டி வந்து பாப்பாங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தாண்டிப் போனாள். அடுத்த டியூட்டி வெளியே கவச உடை மாட்டிக்கொண்டிருந்தது. மாஸ்க்கைப் பொருத்துவது நர்ஸ் வேலை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த நர்ஸ் என்பதில்தான். நான் இறங்க முயன்று கட்டிலடியில் விழுந்தேன். அவருக்காகச் செபித்தேன். அவர்கள் உள்ளே வந்தபோது முதலில் என்னைத்தான் தூக்கினார்கள்.

வெள்ளையம்மாள் சாயங்காலம் இறந்தார். நுரையீரல் ஏற்கெனவே போய்விட்டது என்றார் டாக்டர். இருக்கலாம். எனக்காகச் செய்த செபத்துக்குப் பதில் வந்தது, அவருக்காகச் செய்ததற்கு வரவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இது சாட்சி.

நான் பிழைத்தேன். ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். அதே வார்டில்தான் இன்றும் வேலை. ரெஜினாவும் இருக்கிறாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் இருவருமே மூடியைத் திறக்காமல் எந்தக் கட்டிலிலும் தண்ணீர் வைப்பதில்லை.

நம்பிக் கேளுங்கள், அவர் கையை அனுப்புவார். கேட்டு முடித்ததும் பக்கத்துக் கட்டிலையும் பாருங்கள். அங்கே ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார், அவருக்கு அனுப்பிய கை உங்களுடையதாக இருக்கும். அன்று வெள்ளையம்மாளுக்கு அனுப்பிய கை ரெஜினாவுடையது. அது கதவைத் தாண்டிப் போய்விட்டது.