இறுக மூடிய தட்டம்

பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாமின் மேப்பிள் மரத்துக்கு நோய், வெட்டப்போகிறார்கள். நான் வாய்வீரம் பேசியதை நம்பி, அதன் கடைசிச் சாறு முழுவதையும் பாகு காய்ச்ச என்னிடம் தந்தார்.

காய்ச்சுவதற்கான சில்வர் தட்டத்துக்குள் தடுப்புகளை நானே வெல்டிங் செய்தேன். சாறு கொதித்தபடியே தடுப்புகளின் இடைவெளி வழியே அறைக்கு அறை ஓடிக் கெட்டியாக வேண்டும். நானோ, சோற்றுத் தட்டில் கறிகள் கலக்கக்கூடாது என்ற புத்தியில் இடைவெளியே விடாமல் அடைத்துவிட்டேன். எல்லா அறைகளையும் நிரப்பி அடுப்பேற்றிய பிறகு முதல் அறையில் மட்டும் ஊற்ற ஊற்ற, கடைசி அறை வற்றிக் கருகியது. பதறிப்போய் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, மிச்சத்தையும் கெடுத்தேன்.

"என்னப்பா, றோட்டுக்குத் தாரோ?" என்றாள் மனைவி.

"சிரிக்காதை. அவவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

போத்தலில் நிரப்பிக் கொடுத்ததை மதாம் ஒரு கரண்டி சுவைத்தார். முகம் சுளித்தது. "மெர்சி" என்று மட்டும் சொல்லிப் போத்தலை எடுத்துப் போனார்.

திட்டியிருந்தால் ஏதாவது பகிடி விட்டுச் சமாளித்திருப்பேன். அந்த நன்றிக்கு என்னிடம் பகிடி இருக்கவில்லை.