மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு காலப் பயணம்

இன்று பருத்தித்துறையில், பென் டிரைவில் படம் ஏற்றித் தரும் கடைக்குப் போனேன். காலப் பயணப் படங்கள் வேண்டும் என்றேன்.

கடைக்கார ரவி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அன்ரிக்குச் சீரியல் காணாதோ?"

"சீரியலிலை கதைக்கிற தமிழ் எனக்குப் பிடிக்கேல்லை. நீர் படத்தைச் சொல்லும்."

உற்சாகமாகச் சொன்னார். ஒன்றில் ஒருவன் காலத்தில் பின்னால் போய்த் தகப்பனின் விபத்தைத் தடுக்கிறானாம். இன்னொன்றில் ஒருத்தி வேறோர் உலகத்துக்குப் போய்த் தன் கலியாணத்தையே மாற்றுகிறாளாம்.

"எல்லாரும் எதையோ திருத்தத்தானே போகினம்? சும்மா போய் இருந்திட்டு வாற படம் இல்லையோ?"

"சும்மா என்னத்துக்கு அன்ரி போறது?"

"மத்தியானச் சாப்பாட்டுக்கு."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

என் கணவர் உயிரோடு இருந்த ஏதாவது ஒரு நாள் போதும். தேங்காய்ப்பால் சொதிக்குத் தேசிக்காய்ப் புளி காணாது என்று அவர் குறை சொல்ல வேண்டும். நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் சொதிக்குப் புளி சரியாக இருக்கிறதா என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.

இரண்டு படங்களையும் வாங்கி வந்துவிட்டேன். நான் கேட்ட மாதிரி ஒன்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். சொதிச் சண்டையைத் தவிர வேறு சண்டை இருக்கக் கூடாது.