மறித்தவரே ஆடிய ஆட்டம்

டவுன் பஸ் கச்சிராயபாளையம் முனையில் திரும்பும்போதே வீரமுத்து அண்ணன் இரண்டு விரலை வாயில் வைத்துவிடுவார். ஒரு விசில், இடதுகாலில் ஒன்று, வலதுகாலில் ஒன்று என இரண்டு குதி. பிறகு ஒன்றும் நடக்காதவர்போலக் கத்தியை எடுத்துக்கொண்டு கரும்பு வெட்டப் போவார்.

போன வருஷம், எண்பத்தேழு செப்டம்பரில் தொடங்கிய பழக்கம் இது. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலைமறியல். எங்கள் ஊர்ச் சாலையின் குறுக்கே புளியமரத்தைச் சாய்த்தவர் அண்ணன்தான். அதன்மேலேயே உட்கார்ந்து காவலும் காத்தார். அவருக்கு மச்சான் முறையான பொன்னுரங்கம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டப் பார்த்தார்.

"சைக்கிளும் வண்டிதான் மச்சான், எறக்கு! எங்க அப்பனே வந்தாலும் நடந்துகூடத் தாண்டக் கூடாது."

இரண்டாம் நாள், உளுந்தூர்பேட்டைத் தாய்வீட்டில் அவர் மனைவி செவ்வந்திக்குத் தலைச்சன் பெண் பிறந்தது. சேதி கொண்டுவந்தவர் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றே சொல்லிவிட்டுத் திரும்பினார். அண்ணன் துள்ளி எழுந்து ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். ஊரே பார்த்தது. காலை எடுத்துக்கொண்டார்.

"இன்னா மச்சான், சைக்கிள் வோணுமா?" என்றார் பொன்னுரங்கம்.

மிச்ச நாளெல்லாம் அண்ணனுக்கு ஒரே பேச்சு: "கொழந்த யாரு ஜாடைன்னு கேக்காம வுட்டுட்டனே!"

மறியல் முடிந்த காலை ரம்பம் பிடித்து மரத்தை அறுத்தவரும் அவரே. முதல் பஸ்ஸுக்கு முன்னால் விசிலடித்து ஆடிக்கொண்டே ஓடினார். டிரைவருக்கு வேப்பிலை மாலை போட்டார். அதே பஸ்ஸில் ஏறி மகளைப் பார்க்கப் போனார்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். கல்லூரியில் பரிசாக வாங்கிய ஆங்கில அகராதியில் அந்த ஆட்டத்துக்கு ஒரு சொல் கிடைத்தது: 'மாஃபிக்'. தெருவில் தலைகால் தெரியாமல் கூத்தாடுவது என்று பொருள். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயர் பிடியிலிருந்த மாஃபெகிங் என்ற ஊரை எதிரிகள் ஏழு மாதம் வளைத்திருந்தார்கள். 1900இல் முற்றுகை விலகியதும் லண்டன் ஜனம் தெருவில் இறங்கி ஆட, பத்திரிகைக்காரர்கள் ஊர்ப்பெயரையே வினைச்சொல் ஆக்கிவிட்டார்கள்.

அண்ணன் கவனமாகக் கேட்டார். "வளைச்சிகினு இருந்தவன் ஆடுனானா, பி.ஏ.?"

"இல்லண்ணே."

"அப்ப நம்ம ஊரு பேர்லயும் ஒன்னு போடச் சொல்லு. மறிச்சவனே ஆடனது இங்கதான்!"

நேற்று காலை பஸ் திரும்பியது. விரல்கள் வாய்வரை போய் நின்றன. தோளில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் விரலை இறக்கி, அவள் தலையை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, சத்தம் வராமல் இரண்டு குதி குதித்தார்.